கரிசலிலிருந்து பார்த்த ஜப்பான்

எங்கள் ஊரில் கரண்டில் ஓடும் தையல் மெஷினுக்குப் பெயர் ஜூக்கி. எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் சரி, பெயர் அதுதான். “புதுசா ரெண்டு ஜூக்கி போட்டிருக்காவ”, “ஜூக்கி ஓட்டத் தெரிஞ்ச ஆள் இருந்தா சொல்லுங்க அண்ணாச்சி” என்றுதான் பேச்சு. புதியம்புத்தூரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஓட்டப்பிடாரம் தாலுகாவில், தூத்துக்குடிக்கு மேற்கே, கரிசக்காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர். ரெடிமேட் துணி தைப்பதுதான் எங்கள் பிழைப்பு. ‘குட்டி திருப்பூர்’ என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். தீபாவளிக்கு முந்தின ரெண்டு மாசம் மெஷின் சத்தம் ராத்திரியிலும் ஓயாது.

ஜூக்கி ஒரு ஜப்பான் கம்பெனி. 1938-ல் டோக்கியோவில் ஆரம்பித்தது. அப்போது அவர்கள் தையல் மெஷின் செய்யவில்லை. ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு போன 99-ஆம் வகை ரைஃபிள்களில் ஒரு பங்கு அந்தத் தொழிற்சாலையில் உருவானது. போரில் தோற்று, இனி ஆயுதம் செய்யக் கூடாது என்று ஆனபிறகுதான் தையல் மெஷினுக்கு மாறினார்கள்.

இதை என் பெரியப்பாவிடம் சொன்னேன். முப்பது வருஷமாக ஜூக்கியில் உட்கார்ந்து எழுந்தவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதாம்லே இரும்பு இவ்வளவு கெட்டியா இருக்கு” என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கூடவே கொஞ்சம் திடுக்கென்றும் இருந்தது. அவரோடு பிறந்து வளர்ந்த வீட்டில், அவருடைய சொந்தத் தாய்மாமா ஒருவர் ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் காணாமல் போனவர். அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு பலமான நாட்டைப் பற்றி வெளியில் இருக்கிறவர்கள் நினைப்பது எப்படியெல்லாம் மாறுகிறது, எதை வைத்து மாறுகிறது என்று பார்க்க எங்கள் வட்டாரத்தில் ‘ஜப்பான்’ என்ற சொல் பட்ட பாட்டைப் பார்த்தால் போதும். நூற்றி இருபது வருஷத்தில் அது கடவுள் மாதிரியும் இருந்திருக்கிறது, கள்ளச் சரக்கு மாதிரியும் இருந்திருக்கிறது.

*

1905 மே 27, 28. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே ட்சுஷிமா நீரிணையில் ரஷ்யாவின் கப்பல்படையை ஜப்பான் ஒன்றுமில்லாமல் ஆக்கியது. பால்டிக் கடலிலிருந்து பாதி உலகத்தைச் சுற்றி வந்த படை அது. ஒரு வெள்ளைக்கார வல்லரசை ஓர் ஆசிய நாடு கடலில் வைத்து அடித்தது என்கிற செய்தி அடிமைப்பட்ட நாடுகளில் என்ன செய்திருக்கும் என்று இன்று கற்பனை செய்வதே கஷ்டம். இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் சேரப் போய்க்கொண்டிருந்த 15 வயது ஜவஹர்லால் நேரு லண்டன் போகிற ரயிலில் அந்தச் செய்தியைப் படித்துக் குதூகலித்ததைத் தன் சுயசரிதையில் பதிந்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் காந்தி தன் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் ஜப்பானை மெச்சி எழுதினார்.

எங்கள் ஊரிலிருந்து வடக்கே போனால் எட்டயபுரம். அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு அப்போது வயது 22. 1904 நவம்பரில்தான் சென்னையில் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்திருந்தார். இங்கிலீஷில் வருகிற செய்திகளைத் தமிழாக்குவது அவருடைய தினசரி வேலை. சுப்பிரமணிய பாரதி அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த மாதங்களில்தான் போர்ட் ஆர்தர் விழுந்தது, முக்டன் விழுந்தது, ட்சுஷிமா முடிந்தது. பாரதி அரசியல் கற்றுக்கொண்ட காலமும் ஜப்பான் ஜெயித்த காலமும் ஒன்று.

ஓட்டப்பிடாரம் வ.உ.சி. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து லட்ச ரூபாய் மூலதனம், 25 ரூபாய் பங்கு. ட்சுஷிமாவைப் பார்த்துத்தான் வ.உ.சி. கப்பல் விட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு முன்னால் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி இருந்தது, அதுவே போதுமான காரணம். ஆனால் வெள்ளைக்காரன் கப்பலைக் கடலில் வைத்து எதிர்க்க முடியும் என்ற நினைப்பு காற்றில் கலந்து கிடந்த வருஷங்கள் அவை.

இங்கே ஒரு விஷயத்தை நம் ஆட்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ட்சுஷிமா முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1905 ஆகஸ்ட் 12-ல் லண்டனில் பிரிட்டனும் ஜப்பானும் தங்கள் கூட்டணி ஒப்பந்தத்தைப் புதுப்பித்தன. 1902-ல் போட்ட பழைய ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்று இதில் புதிதாக ஏறியது: இந்தியா. இந்தியாவிலுள்ள தன் உடைமையைக் காத்துக்கொள்ள எல்லையில் பிரிட்டன் எடுக்கும் நடவடிக்கைகளை ஜப்பான் ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு கொரியாவில் ஜப்பானின் மேலாதிக்கத்தை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. ஆளுக்கு ஒரு நாடு. நாம் இங்கே ஜப்பான் ஜெயித்ததுக்கு மகிழ்ந்துகொண்டிருந்தபோது, ஜப்பான் நம்மை பிரிட்டனின் உடைமை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. அதே வெற்றி கொரியாக்காரர்களுக்கு என்னவாகத் தெரிந்தது என்று கேட்க நம்மில் அதிகம் பேர் இல்லை. 1910-ல் கொரியா முழுசாக விழுங்கப்பட்டது.

ஒப்பந்தம் வெறும் காகிதமும் இல்லை. 1915 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரில் ஐந்தாம் லைட் இன்ஃபண்ட்ரியைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அதை அடக்க பிரிட்டனுக்கு உதவியாக வந்து இறங்கியவர்களில் ஜப்பான் மாலுமிகளும் உண்டு. அவர்கள் வந்த கப்பல்களில் ஒன்றின் பெயர் ட்சுஷிமா. கலகத்துக்குப் பிறகு 47 சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்தி, ஊர்க்காரர்கள் பார்க்கச் சுட்டுக் கொன்றது பிரிட்டிஷ் அரசு.

பத்து வருஷத்துக்கு முன்னால் நம்மைக் குதூகலிக்க வைத்த பெயர் அது. ஆனால் இந்தியாவில் ஜப்பானின் மேல் இருந்த மோகம் இதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. செய்தி தணிக்கையில் போனது ஒரு காரணம். ஜப்பானை ஒரு நாடாகப் பார்க்காமல் ‘நாமும் ஜெயிக்கலாம்’ என்பதற்கு அத்தாட்சியாகப் பார்த்துப் பழகியது இன்னொரு காரணம். அத்தாட்சியை யாரும் சோதித்துப் பார்க்க விரும்புவதில்லை.

பாரதி ஜப்பானைக் கப்பல் வழியாக மட்டும் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1916-ல், புதுச்சேரியில் இருந்தபோது, சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். தமிழில் ஹைக்கூ பற்றிய முதல் பேச்சு அதுதான் என்று இலக்கிய வாசகர்களுக்குத் தெரியும். யோனே நோகுச்சி என்கிற ஜப்பானியக் கவிஞர் ‘மாடர்ன் ரிவ்யூ’வில் எழுதியதைப் படித்துவிட்டு எழுதியது. அந்த நோகுச்சி இந்தக் கதையில் இன்னொரு தடவை வருவார்.

*

கவிதை, கப்பல் எல்லாம் படித்தவர்கள் விவகாரம். கரிசல் சம்சாரிக்கு ஜப்பான் எப்படி வந்து சேர்ந்தது? தீப்பெட்டியாகவும் துணியாகவும் பருத்தி வாங்குகிற ஆளாகவும்.

1920 வாக்கில் இந்தியாவில் எரிந்த தீக்குச்சியில் பெரும் பங்கு வெளியிலிருந்து வந்தது. ஸ்வீடனும் ஜப்பானும் போட்டி போட்டு அனுப்பின. ஜப்பான்காரர்கள் நம் சாமி படங்களையே லேபிளாக அடித்து நமக்கு விற்றார்கள், வியாபாரத்தில் அவ்வளவு சூட்சுமம். 1922-ல் ஒரு குரோஸ் தீப்பெட்டிக்கு ஒன்றரை ரூபாய் என்று இறக்குமதி வரி போட்டது அரசாங்கம். அதே வருஷம் சிவகாசியிலிருந்து பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு, 1923-ல் திரும்பி வந்து ஆரம்பித்தார்கள். கல்கத்தாவில் அந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்றால், 1910 வாக்கில் அங்கே குடியேறிய சில ஜப்பானியக் குடும்பங்கள் கையாலும் சின்ன மெஷின்களாலும் தீப்பெட்டி செய்தார்கள், அவர்களிடமிருந்து வங்காளிகள் கற்றார்கள் என்று தொழில் வரலாறு சொல்கிறது. ஆக ஜப்பான் சரக்கைத் துரத்தியடிக்க நாம் கற்ற வித்தை ஜப்பான்காரனுடையது. மழையில்லாத பூமி, காய்கிற வெயில், வேலைக்கு ஏங்குகிற சனம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று தொழில் பரவியது. எங்கள் பக்கம் அதை ஃபேக்டரி என்று சொல்கிற வழக்கம் இல்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான்.

தீப்பெட்டி ஆபீஸ்காரருக்கு ஜப்பான் எதிரி. அவருடைய ஆபீஸுக்கு வெளியே காடு வைத்திருந்த சம்சாரிக்கு? ஜப்பான்தான் பெரிய கிராக்கி. ஒசாகா மில்கள் நம்முடைய குட்டை இழைப் பருத்தியை வாங்கி, அமெரிக்கப் பஞ்சோடு கலந்து நூற்றுத் துணியாக்கி, நமக்கே அனுப்பின. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே இந்தியப் பருத்தியை அதிகம் வாங்கிய நாடு ஜப்பான்தான். வந்த துணியோ நம்ப முடியாத விலை. 1930களின் நடுவில் இந்தியாவுக்குத் துணி அனுப்புவதில் ஜப்பான் லங்காஷயரையே முந்தியது. ‘ஜப்பான் சாமான்’ என்ற சொல்லுக்கு மலிவு, பகட்டு, ரெண்டு நாளில் பல்லிளிக்கும் என்று அர்த்தம் வந்தது இந்தக் காலத்தில்தான். ஜப்பான் பட்டு பளபளக்கும், ஜப்பான் பொம்மை குழந்தை கையில் கொடுத்த அன்றே உடையும்.

1933 ஜூனில் இந்திய அரசு பிரிட்டன் அல்லாத துணிகளுக்கு 75 சதவீத வரி போட்டது. காப்பாற்றப்பட்டது யார் என்று கேட்டால் பம்பாய் மில் முதலாளி என்றும் சொல்லலாம், லங்காஷயர் என்றும் சொல்லலாம். உடனே ஜப்பான் ஆலைகள் ஒன்று சேர்ந்து இந்தியப் பருத்தியை வாங்க மாட்டோம் என்று நின்றுவிட்டன. ஏற்கெனவே உலக மந்தத்தில் பருத்தி விலை படுத்துக் கிடந்தது. கடைசியில் 1934-ல் ஓர் உடன்படிக்கை: ஜப்பான் பத்து லட்சம் பேல் பருத்தி வாங்கினால் 32.5 கோடி கஜம் துணி அனுப்பலாம். 15 லட்சம் பேல் வாங்கினால் 40 கோடி கஜம். பேலுக்குக் கஜம். இப்படி வெளிப்படையாக ரெண்டு பக்கமும் தட்டில் வைத்து நிறுத்த ஒப்பந்தங்கள் சரித்திரத்தில் கொஞ்சம்தான்.

இந்த ஒப்பந்தம் எனக்கு முக்கியம். ஏனென்றால் ‘இந்தியர்கள் ஜப்பானைப் பற்றி என்ன நினைத்தார்கள்’ என்கிற கேள்வியே உருப்படாத கேள்வி என்று அது காட்டுகிறது. எந்த இந்தியர்? ஒரே தெருவில் பருத்தி விளைவித்தவர் ஜப்பான் மறுபடி வாங்க வர வேண்டும் என்று சாமி கும்பிட்டிருப்பார், தறி போட்டவர் அவன் கப்பல் முங்க வேண்டும் என்று கும்பிட்டிருப்பார், கூலிக்காரர் பெண்டாட்டிக்கு ரெண்டணா மிச்சத்தில் ஒரு சேலை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருப்பார். மூன்றும் அந்தந்த வயிற்றின் நியாயம்.

*

1937-ல் ஜப்பான் சீனாவுக்குள் முழுப் படையோடு இறங்கியது. காங்கிரஸ் ஜப்பான் சரக்கைப் புறக்கணிக்கச் சொன்னது; 1938-ல் ஐந்து டாக்டர்களைச் சீனாவுக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவரான சோலாப்பூர் கோட்னிஸ் அங்கேயே 1942-ல் செத்தார். 1938 ஜூலையில் தாகூருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நோகுச்சி. பாரதி நமக்கு அறிமுகப்படுத்திய அதே ஹைக்கூக் கவிஞர். ரெண்டு வருஷம் முந்திதான் இந்தியா வந்து ஊர் ஊராகப் பேசிவிட்டுப் போனவர். சீனாவில் நடப்பது ஆசியாவை ஆசியர்களுக்கே ஆக்குவதற்கான போர் என்று அவர் வாதாடியிருந்தார். ஜப்பானுக்கு வெற்றி வாழ்த்துச் சொல்ல மறுத்துத் தாகூர் பதில் எழுதினார். 1916-லேயே ஜப்பான் மண்ணில் நின்றுகொண்டு அவர்களுடைய தேசிய வெறியைக் கண்டித்தவர் அவர். இந்த விஷயத்தில் தாகூரை விடத் தெளிவாக ஜப்பானைப் பார்த்த இந்தியர் அந்தத் தலைமுறையில் இல்லை என்பேன். ஜப்பானை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் பார்க்க முடிந்தது.

பாரதி 1921-லேயே போய்விட்டார். நோகுச்சியின் இந்த முகத்தைப் பார்க்க அவர் இல்லை.

அதே 1938-ல்தான் டோக்கியோவில் அந்தத் துப்பாக்கிக் கம்பெனியும் ஆரம்பித்தது.

*

1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்தது. கலகம் நடந்த அதே தேதி, 27 வருஷம் கழித்து. போன தடவை பிரிட்டனுக்கு உதவ வந்த ஜப்பான் இந்தத் தடவை பிரிட்டனைக் கைகளைத் தூக்க வைத்தது. மார்ச்சில் ரங்கூன். பர்மா அரிசி நின்றுபோனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு, 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். சென்னை காலியானது. ஹைகோர்ட்டே கோயமுத்தூருக்குப் போனது. மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று. தூத்துக்குடி துறைமுகத்துக்கும் குண்டு வரும் என்று பேச்சு இருந்ததாம். ராத்திரி விளக்கு ஏற்ற விடமாட்டார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார்.

“வெள்ளக்காரன் பயந்து நாங்க பாத்ததே அப்பத்தான்” என்பதையும் அவர்தான் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பயம் இருக்காது.

இனி ஆச்சியின் அண்ணன். பெரியப்பாவின் தாய்மாமா. இந்திய அரசு 1938-ல் மலாயாத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்வதற்குச் சற்று முன்னால் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போனவர். வருஷத்துக்கு ரெண்டு காயிதம் வரும், யாரோ எழுதிக் கொடுத்தது. 1941 கடைசியோடு நின்றுவிட்டது. செத்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசைக்குத்தான் ஆச்சி வீட்டில் அவருக்குப் படையல்.

மலாயாவில் நடந்ததைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும் என்றாலும், சுருக்கமாகச் சொல்லிச் சொல்லியேதான் அதை மறந்தோம். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. கடல் வழியை நேச நாட்டுக் கப்பல்கள் மறித்ததால் ஜப்பான் ராணுவத்துக்கு அது உயிர்நாடி. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-ல் ரெண்டு முனையும் சேர்ந்தன. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளிகள்? ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். பர்மியர்கள், மலாய்க்காரர்கள், ஜாவாக்காரர்கள், மலாயாத் தோட்டத் தமிழர்கள். செத்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை இருக்கும் என்பது மதிப்பீடு. பத்தாயிரம் இருபதாயிரம் அங்கே இங்கே போகலாம். எண்ணியவர் இல்லை.

முதலில் நல்ல கூலி என்று சொல்லி ஆள் எடுத்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்தபிறகு தோட்டத்துக்கு இத்தனை தலை என்று பிடித்தார்கள். இலவச சினிமா காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றியதாகப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். காடு, மழை, மலேரியா, 1943-ல் காலரா. போர்க் கைதிகளின் முகாமில் சொந்த டாக்டர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், ஒளித்து வைத்து டைரி எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பால்வெட்டுத் தமிழனுக்கு அதெல்லாம் இல்லை. இன்று காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஆளுக்கொரு கல் வைத்துப் புல்வெளி நடுவில் அழகான இடுகாடு இருக்கிறது. காட்டில் போட்ட குழிகளுக்குக் கல் இல்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நம் ஆட்களின் பார்வையில் ஜப்பான் என்றைக்கும் எமனாக நின்றிருக்கும். ஆனால் அதே நேரம், அதே மலாயாவில் இன்னொன்றும் நடந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். தோட்டத் தமிழர்கள் தாலிக்கொடி வரைக்கும் கழற்றிக் கொடுத்தார்கள், ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள், பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். ரயில் பாதையின் முனைகள் சேர்ந்து நாலாவது நாள், அக்டோபர் 21-ல், ஆசாத் ஹிந்த் அரசு பிரகடனம் ஆனது. ஐ.என்.ஏ. வீரர்கள் பர்மா போர்முனைக்குப் போன வழிகளில் அந்தத் தண்டவாளமும் ஒன்று. தோட்டத்துப் பையன் ஒருவன் படையில் சேர்ந்தால் அவன் சுதந்திர வீரன், சேராமல் இருந்து பிடிபட்டால் சயாம் ரயில். ரயிலுக்குத் தப்பிக்கவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. இதில் ஜப்பானை நண்பன் என்பதா கொலைகாரன் என்பதா? இரண்டும் உண்மை என்று சொல்வது சுலபம். ஒரே குடும்பத்தில் அண்ணன் படத்துக்கும் தம்பி படத்துக்கும் மாலை போட்டவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த வாக்கியம் கனக்காது.

ஊரில் எது தங்கியது என்றால் நேதாஜி தங்கினார். ஐ.என்.ஏ. தியாகிக்குப் பென்ஷன் உண்டு, கொடியேற்றும் நாளில் மேடையில் நாற்காலி உண்டு. ரயிலில் செத்தவனுக்கு ஒன்றுமில்லை. இந்திய அரசு சான்ஃபிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தில் கலந்துகொள்ளாமல் 1952 ஜூன் 9-ல் ஜப்பானோடு தனியாக சமாதானம் செய்து, நஷ்டஈடு எதுவும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. பெருந்தன்மை என்று பாடத்தில் படித்தோம். தோற்ற நாட்டை நசுக்கக் கூடாது என்கிற நேருவின் நியாயம் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் கொடுக்கல் வாங்கலில் கடனை மன்னிக்கிறவன் கடன்பட்டவன் வீட்டாரையாவது கேட்டிருக்க வேண்டும், செத்தவன் வீட்டாரையாவது கேட்டிருக்க வேண்டும். மலாயாத் தமிழர்கள் அப்போது இந்திய அரசுக்கு வெளிநாட்டு ஆட்கள், பிரிட்டிஷ் மலாயாவுக்கு இந்தியக் கூலிகள். 1967-ல் மலேசியாவுக்கு ஜப்பான் ஒரு தொகைக்குப் பொருளாகத் தந்து கணக்கை முடித்தது. அதைக் கேட்டுப் போராடியவர்கள் பெரும்பாலும் சீனர்கள்.

1957-ல் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படம் வந்து உலகமே அந்தப் பாலத்தைத் தெரிந்துகொண்டது. படம் எடுத்தது நமக்குப் பக்கத்தில், இலங்கை கித்துல்கலையில். படத்தின் கதையில் தமிழன் கிடையாது. எழுத வேண்டியதை எழுதியவர்கள் அங்கே உள்ள தமிழர்கள்தான், ஆர்.சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை இன்னும் படிக்காதவர்கள் படிக்கலாம். ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நம்மிடம் இருக்கிறது. ஜப்பானியர் ஆண்ட தென்கிழக்காசியாவைத் தமிழ் நாவலில் அப்படி வேறு யாரும் எழுதவில்லை. ஆனால் அதன் நாயகன் வியாபாரி வீட்டுப் பையன், படை வீரன். பால்வெட்டுக்காரன் அந்தத் தோணியில் ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறான்.

*

பிறகு வந்த ஜப்பானை எல்லோருக்கும் தெரியும். 1949-ல் நேரு டோக்கியோ குழந்தைகளுக்கு இந்திரா என்று ஒரு யானைக்குட்டி அனுப்பினார். போரின்போது அங்கே இருந்த யானைகளைப் பட்டினி போட்டுக் கொன்றிருந்தார்கள். டிரான்சிஸ்டர் வந்தது. 1970 ஒசாகா கண்காட்சியை எம்.ஜி.ஆர். ‘உலகம் சுற்றும் வாலிப’னில் நமக்குச் சுற்றிக் காட்டினார். 1980களில் சுசூகி, ஹோண்டா, யமஹா. ‘மேட் இன் ஜப்பான்’ என்று முதுகில் அச்சடித்திருந்தால் கை நடுங்காமல் காசு எடுத்து வைக்கலாம். ரெண்டு நாளில் பல்லிளித்த சரக்கின் பெயர், ஒரு தலைமுறைக்குள், தரத்தின் பெயராக ஆகிவிட்டது. சிவகாசியை ‘குட்டி ஜப்பான்’ என்று நேரு சொன்னதாகச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் அந்தப் பட்டத்தை இன்றும் பெருமையாகச் சூடிக்கொள்கிறார்கள். விடியுமுன் பஸ்ஸில் ஏற்றித் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கொண்டுபோன பிள்ளைகளும் அந்தக் குட்டி ஜப்பானில்தான் இருந்தார்கள். உழைப்பைப் புகழ்கிறவர்கள் எவருடைய உழைப்பு என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

ஆச்சி வீட்டு அலமாரியில், மலாயா அண்ணனின் படத்துக்குக் கீழ்த்தட்டில், வளைகுடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ஜப்பான் டேப் ரெக்கார்டர் இருந்தது. எம்ப்ராய்டரி போட்ட துணியால் மூடி வைத்திருப்பார். ஒரு நாள் அவரிடமே கேட்டேன், “ஜப்பான்காரன்தான உங்க அண்ணன அழிச்சான், ஒங்களுக்கு ஒண்ணும் தோணலையா ஆச்சி?” ஆச்சி என்னைப் பாவமாகப் பார்த்தார். “சண்டையில்லா அழிச்சுது. கூட்டிட்டுப் போன கங்காணி நம்ம ஊர்க்காரன்தான். அனுப்பி வச்சது பஞ்சம். அதையெல்லாம் யாருகிட்டப் போயி கேக்க?”

என் வயசுக்காரர்களிடம் ஜப்பான் இன்னொரு விதமாக இருக்கிறது. தம்பிமார் அனிமே பார்க்கிறார்கள். குடும்பக் குழுவில் வாரம் ஒன்று வரும்: ஜப்பானில் மாணவர்களே வகுப்பறையைக் கூட்டுகிறார்கள், ரயில் ஒரு நிமிஷம் பிந்தினால் மன்னிப்புக் கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு ரயிலுக்கு இன்னும் மன்னிப்பு மிச்சம் இருக்கிறது என்று ஒருமுறை பதில் போட்டேன். யாருக்கும் புரியவில்லை. “எந்த ட்ரெயின்ணே?” என்று ஒருத்தன் கேட்டான். நாலு மணி நேரம் கழித்து பெரியப்பா ஒரு கும்பிடு அனுப்பினார்.

*

இன்றைக்கு எங்கள் கடைத்தெருவில் அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சைனா. ‘சைனா சாமான்’ என்றால் மலிவு, பகட்டு, கேரண்டி கிடையாது. 1935-ல் ஜப்பானுக்குச் சொன்ன அதே வார்த்தைகள், நாட்டின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் போதும். பொம்மை, செல்போன், சீரியல் விளக்கு எல்லாவற்றுக்கும் அதே வசவு. ஆனால் எங்கள் தையல் ஷெட்களில் வேறு பேச்சு தொடங்கிவிட்டது. ஜூக்கி விலை கொடுத்து மாளவில்லை என்று சைனா ஜாக் மெஷின் வாங்கிப் போடுகிறார்கள். “மொதல்ல பயந்தோம், பரவால்ல, ஓடுது” என்கிறார்கள். “கரண்டும் கம்மியா இழுக்கு” என்கிறார்கள். அதையும் ஜூக்கி என்றுதான் சொல்கிறார்கள்.

கோவில்பட்டியில் பேச்சு நேர்மாறு. அங்கே சைனா என்றால் லைட்டர். பத்து, பதினைந்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று பல தீப்பெட்டிகளை விழுங்கிவிடுகிறது என்று தீப்பெட்டிக்காரர்கள் வருஷக்கணக்காக மனு மேல் மனு கொடுத்தார்கள், ஆபீஸ்களை மூடிப் போராடினார்கள். 2023 ஜூன் கடைசியில் இருபது ரூபாய்க்குக் கீழ் விலையுள்ள லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. ஊரில் வெடி போட்டார்கள்.

கொஞ்ச நாளில் லைட்டர் உதிரி பாகமாக வந்தது. இங்கே சேர்த்து முடுக்கி விற்றார்கள். 1922-ல் ஒன்றரை ரூபாய் வரி போட்டபோதும் இதுதான் நடந்தது: மறுவருஷமே ஸ்வீடன்காரன் சுவருக்கு உள்ளே வந்து இந்தியாவிலேயே விம்கோ என்று கம்பெனி திறந்துவிட்டான். 2024 அக்டோபரில் உதிரி பாகத்துக்கும் தடை வந்தது. எங்கள் கடைத்தெரு முக்கில் வெற்றிலைப் பாக்குக் கடையில் தீப்பெட்டி இருக்கிறது, லைட்டரும் கம்பியில் தொங்குகிறது. எது ஓடுது அண்ணாச்சி என்று கேட்டேன். “விளக்குப் பொருத்த இது, பீடிக்கு அது” என்றார்.